'பார்த்திபன் கனவு' மேடையேற்றம்: உங்கள் உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். உறையூர்ப் பகுதியில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்டு கல்கியின் 'பார்த்திபன் கனவு' நாவலை ஒன்றரை மணி நேர நாடகமாக மேடையேற்றத் தயாராகி வருகிறோம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் உரிமைச் சிக்கல் இல்லை. கதை நடக்கும் ஊரிலேயே, சோழநாடு பல்லவருக்குக் கப்பம் கட்டிய 7ஆம் நூற்றாண்டைப் பிள்ளைகள் நடித்துக் காட்டுவது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி.

போருக்குப் புறப்படும் முன் சோழ மன்னன் பார்த்திபன், தான் இரகசியமாகத் தீட்டி வைத்த ஓவியங்களை மகன் விக்கிரமனுக்குக் காட்டும் இடம்தான் நாடகத்தின் உயிர் என்று நினைக்கிறேன். புலிக்கொடி பறக்கும் கப்பல்களும் யானைப் படைகளும் நிறைந்த அந்தக் கனவைத் திரையில் படமாக ஓடவிட எனக்கு மனமில்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் தோல்பாவைகளை அசைத்து, விளக்கொளியில் நிழலாகக் காட்டவே விரும்புகிறேன். பாவைக்கூத்துக் கலைஞர்களை அறிந்தவர்கள் தொடர்பு ஏற்படுத்தித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

கதையில் மாறுவேடத்தில் வரும் சிவனடியார் உண்மையில் யார் என்பது இறுதிவரை வெளிப்படக் கூடாது. ஆனால் பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மராகவும் சிவனடியாராகவும் ஒரே பையன் நடிக்கிறான். முகத்தை மறைக்காமல், சடைமுடி, தாடி, குரல், நடை ஆகியவற்றாலேயே வேறுபாடு காட்டும் ஒப்பனை முறையைத் தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள். வெள்ளக் காட்சியை நீலத்துணி அசைவாலும் பறையொலியாலும் அமைத்த அனுபவம் யாருக்கேனும் உண்டா? ஒத்திகை சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கிறது. நேரில் வர இயன்றால் பயணச் செலவை நாங்களே ஏற்கிறோம்.