ஐந்து மாத பைக், இன்ஜின் ஹெட்டில் சத்தம், வாரண்டி கிடையாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் ஒரு 125 சிசி பைக் எடுத்தேன். காரைக்குடியில் நான் கேட்ட நிறம் இல்லை என்று திருச்சியில் எடுத்தேன், சர்வீஸ் மட்டும் காரைக்குடியில் அதே கம்பெனியின் சென்டரில் விடுகிறேன். ஆன்ரோடு 1,08,000 ரூபாய், அதில் 70,000 லோன். எனக்கு வேலை பழைய வீடுகளில் தரை எடுத்துவிட்டு ஆத்தங்குடி டைல்ஸ் பதிப்பது. பட்டறைக்கும் வேலை நடக்கிற வீட்டுக்குமாக அலைந்தால் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடிவிடும். வண்டி இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

4,900 கிலோமீட்டர் ஓடியபோது ஹெட் பக்கம் டக் டக் என்று சத்தம். சூடாக சூடாகக் கூடியது. அன்றைக்கே கொண்டுபோய் விட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, இன்ஜினைப் பிரித்துவிட்டோம், வால்வுகளைத் திறக்கவைக்கிற கேம்ஷாஃப்டும் ராக்கரும் போய்விட்டது, 14,600 ரூபாய் ஆகும், வாரண்டியில் வராது என்றார்கள். 5 வருட வாரண்டி என்று சொல்லித்தானே விற்றார்கள் என்று கேட்டால் அடுக்கடுக்காகக் காரணம் வருகிறது. இரண்டாவது ஃப்ரீ சர்வீஸை 190 கிலோமீட்டர் தள்ளி விட்டீர்களாம். வெளியில் ஃபாக் லைட் மாட்டியிருக்கிறீர்களாம். ஏர் ஃபில்டர் முழுக்கச் செம்மண்ணாம். கடைசியில், வண்டி திருச்சியில் வாங்கியது, அங்கே போய்க் கேளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்ஜின் ஒரு தட்டில் பிரித்துக் கிடக்கிறது. எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வேலையை ஆரம்பிப்பார்களாம், இல்லையென்றால் நாளுக்கு இவ்வளவு என்று பார்க்கிங் போடுவோம் என்றும் சொல்கிறார்கள். பணம் கட்டி எடுத்துவிடவா, இல்லை கேட்டுப் பார்க்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, முதலில் அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், வாடிக்கையாளரே சம்மதித்துப் பணம் கட்டினார் என்று நாளைக்கு அதையே நீட்டுவார்கள்.

இரண்டாவது, அவர்கள் சொன்னது எதுவும் இன்னும் மறுப்பே இல்லை, வெறும் வாய்ப்பேச்சு. நாலு காரணத்தை வாயால் சொல்வது சுலபம். இந்தப் பாகம் இந்தக் காரணத்தால் கெட்டது, வாரண்டிப் புத்தகத்தில் இந்த நிபந்தனையின்படி தர முடியாது என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அப்போது பாதிக் காரணம் தானாகக் காணாமல் போகும். தர மாட்டோம் என்றால், நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், தவறு என்றால் மூன்று நாளில் தெரிவியுங்கள் என்று அன்றைக்கே நீங்களே மெயில் அனுப்புங்கள். கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஒரு காப்பி.

மூன்றாவது ரொம்ப முக்கியம். கம்பெனிக்கு வாரண்டி கிளெயிம் போட்டீர்களா, போட்டிருந்தால் அதன் நம்பர் என்ன என்று கேளுங்கள். நான் ஆறு வருடம் ஒரு டூவீலர் டீலரிடம் ஸ்பேர்ஸ் பிரிவில் இருந்தவன். கெட்ட பாகத்தின் படங்களையும், செய்த வேலையை எழுதுகிற ஜாப் கார்டையும் சேர்த்து டீலர் கிளெயிம் அனுப்புவார், கம்பெனி ஏற்றுக்கொண்டால் பாகத்தின் விலையும் கூலியும் டீலருக்கு வரும். கம்பெனி திருப்பிவிட்டால் அந்தச் செலவு டீலர் தலையில் விழும். அதனால் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலே கிளெயிமே போடாமல், வாடிக்கையாளரிடம் கம்பெனி மறுத்துவிட்டது என்று சொல்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிளெயிம் நம்பர் இல்லை என்றால் கம்பெனி இன்னும் இந்த விஷயத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

திருச்சியில் வாங்கியதால் அங்கே போ என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வாரண்டி கொடுத்தது வண்டி செய்த கம்பெனி, ஷோரூம் இல்லை. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், அங்கீகாரம் பெற்ற எந்த சென்டரிலும் என்றுதான் இருக்கும்.

கானாடுகாத்தான் மெக்கானிக்:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் இன்ஜின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஃபாக் லைட்டுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒயரிங் வெட்டி ஒட்டியிருந்தால் பேட்டரி, ஹார்னஸ், சார்ஜிங் காயில் இதற்கெல்லாம் வாரண்டி இல்லை என்று சொல்லட்டும், அதில் நியாயம் உண்டு. எண்ணெயில் நனைந்து சுற்றுகிற இரும்பு ஒரு லைட்டால் தேயாது.

செம்மண்ணுக்கு வருகிறேன். நம் பக்கம் ஓடுகிற எந்த வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும். ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போயிருந்தால் முதலில் அடிவாங்குவது சிலிண்டரின் உட்சுவரும் பிஸ்டன் ரிங்கும்தான். புகை வரும், ஆயில் குறையும், பிக்கப் போகும். உங்கள் வண்டியில் புகை இருந்ததா? சத்தம் மட்டும்தான் என்றால் அந்தக் காரணமும் நிற்காது.

சர்வீஸ் தள்ளிப்போனதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆயில் ஏறுவதில் ஹெட்தான் கடைசி, அதனால் ஆயில் குறைந்தால் கேமும் ராக்கரும் முதலில் போவது உண்மை. ஆனால் அப்படிப் போனால் அடையாளம் வேறு. காய்ந்து ஓடிய இரும்பு நீலம் பாய்ந்திருக்கும், ராக்கரைத் தள்ளுகிற கேமின் இரண்டு மேடும் கோடு கோடாகக் கீறியிருக்கும், கேம் உட்கார்கிற இடமும் பேரிங்கும் கெட்டிருக்கும், பிஸ்டன் பக்கவாட்டிலும் கோடு விழுந்திருக்கும். அதெல்லாம் சுத்தமாக இருந்து, ஒரே ஒரு மேட்டில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாகத் தோல் உரிந்திருந்தால், அந்தப் பாகத்துக்கு ஹார்டனிங், அதாவது இரும்பைக் கெட்டிப்படுத்துகிற வேலை, சரியாக ஏறவில்லை என்றுதான் நான் சந்தேகப்படுவேன். அது ஓட்டுகிறவன் குற்றம் ஆகாது.

நாளைக்கே போய் ஒவ்வொரு பாகத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். கேம்ஷாஃப்டை நாலு பக்கமும் திருப்பி எடுங்கள், இரண்டு ராக்கர், பிஸ்டன், ஆயில் பம்ப், ஆயிலை வடிகட்டுகிற ஸ்டிரெய்னர் எதையும் விடாதீர்கள். பிரிக்கும்போது எவ்வளவு ஆயில் இறக்கினார்கள் என்று கேளுங்கள், ஜாப் கார்டில் எழுதவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு வண்டிக்கு ஒரு லிட்டரைச் சுற்றித்தான் ஆயில் பிடிக்கும், ஏறக்குறைய அவ்வளவும் இறங்கியிருந்தால் ஆயில் இல்லாமல் ஓட்டினாய் என்று யாரும் சொல்ல முடியாது. பழைய பாகங்களை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், தர மாட்டோம் என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். அந்த கேம்ஷாஃப்ட் தொலைந்தால் உங்கள் பக்கத்துச் சாட்சி போச்சு.

ஊரணிக்கரை:

எனக்கும் இதே மாதிரி கிளட்சில் நடந்தது, மனசு விட்டுப்போனது. என் கருத்து வேறு. கேஸ், நோட்டீஸ் என்று போனால் எத்தனை மாசம் ஆகுமோ, அதுவரை வேலைக்கு எதில் போவீர்கள்? தினக்கூலி போகிறதைக் கணக்குப் பண்ணினால் 14,600 ஒன்றும் பெரிசில்லை. பேசிக் குறைத்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வண்டி விழுந்துவிட்டது என்று இன்சூரன்ஸில் போடலாம் என்று சர்வீஸ் ஆட்களே சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

ஊரணிக்கரை, நீங்கள் நல்ல மனசில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இன்சூரன்ஸ் யோசனை வேண்டவே வேண்டாம். வாகன இன்சூரன்ஸ் விபத்து, திருட்டு மாதிரியானவற்றுக்குத்தான், தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் சேராது. விழாத வண்டியை விழுந்தது என்று எழுதிக் கொடுத்தால் அது பொய் கிளெயிம், மாட்டினால் இவர்தான் மாட்டுவார். அதோடு விபத்து என்று ஒரு முறை எழுதிவிட்டால் வாரண்டி வாதமும் அதோடு முடிந்தது. கிளட்ச் பிளேட் தேய்கிற சாமான், அதை வாரண்டியில் ஒதுக்கித்தான் வைத்திருப்பார்கள். கேம்ஷாஃப்ட் அந்தக் கணக்கு இல்லை.

பெரியகடைத் தெரு:

வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருடம் இருக்கிறேன், நுகர்வோர் வழக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். புகார் பதிந்தால் அவர்கள் நேராகக் கம்பெனிக்கே அனுப்புவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் கம்பெனியில் மேலே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் விஷயம் படும், அதிலேயே முடிந்துபோனவை உண்டு.

அதில் நகரவில்லை என்றால் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ், ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு. திருச்சி ஷோரூம், காரைக்குடி சர்வீஸ் சென்டர், வண்டி செய்த கம்பெனி, மூன்று பேருக்கும் அனுப்புங்கள். பின்னால் வழக்குப் போட்டாலும் மூன்று பேரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும், ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டித் தப்பிப்பார்.

பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அதனால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், திருச்சிக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை விலை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். புகார் கொடுக்கக் கெடு இரண்டு வருடம். சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும் பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் கூடவே ஆகும், அதை நான் மறைக்கவில்லை.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. வேலைக்காக ஓட்டுகிறீர்கள் என்பதால் வணிக உபயோகம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதிடுவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, பயப்படாதீர்கள். அடுத்தது, தயாரிப்புக் குறை என்று நீங்கள் சொன்னால் மட்டும் போதாது, தெரிந்தவர் ஒருவரின் அறிக்கை வேண்டும். உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரைப் பணம் கட்டிப் பார்க்கச் சொல்லலாம், காரைக்குடியிலேயே அழகப்பா அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, மெக்கானிக்கல் துறையில் கேட்டுப் பார்க்கலாம். பாகத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமும் மனு போடலாம்.

லோன் தவணையை நிறுத்தாதீர்கள். ஃபைனான்ஸ்காரருக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த இரண்டாவது சர்வீஸ் ஏன் தள்ளிப்போனது? லேட் என்று அன்றைக்கு ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா?

பள்ளத்தூர்க்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று முழுக்க இதே வேலைதான்.

புகை இல்லவே இல்லை. படம் எடுத்துவிட்டேன். ஒரு மேட்டில்தான் குழி குழியாக இருக்கிறது, இன்னொன்று புதுசு போல மின்னுகிறது, பிஸ்டனிலும் கோடு எதுவும் தெரியவில்லை. இறக்கிய ஆயில் எவ்வளவு என்று ஜாப் கார்டில் இல்லை, ஆனால் பிரித்த பையனிடம் கேட்டபோது ஆயில் நிறையத்தான் இருந்தது அண்ணே என்றான். அவன் வேலைக்குப் பிரச்சினை வரக்கூடாது என்பதால் அவனை எங்கேயும் இழுக்க மாட்டேன்.

சர்வீஸ் விஷயம் கேட்டீர்களே, அதைத் தேடினேன். 3,380 கிலோமீட்டரிலேயே நான் ஃபோன் செய்து தேதி கேட்டிருக்கிறேன். ஆள் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றது அவர்கள்தான், அந்த அழைப்பு என் ஃபோனில் அப்படியே இருக்கிறது. பிறகு தேதி கொடுத்து அவர்கள் அனுப்பிய மெசேஜும் இருக்கிறது. கூப்பனில் சீல் வைத்து ஃப்ரீயாகத்தான் செய்தார்கள், லேட் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

கிளெயிம் நம்பர் கேட்டதும் மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இன்னும் போடவில்லை என்று ஒத்துக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து மெயில் அனுப்பினேன், வெளியே வந்து 1915-இலும் பதிந்தேன். சாயங்காலமே சர்வீஸ் சென்டரில் இருந்து கிளெயிம் நம்பர் அனுப்பிவிட்டார்கள், பார்க்கிங் பேச்சும் நின்றுவிட்டது. வியாழக்கிழமை கம்பெனி இன்ஜினியர் வந்து பாகங்களைப் பார்ப்பாராம்.

கானாடுகாத்தான் அண்ணே, அன்றைக்குக் காலையில் பத்து மணிக்கு ஒரு அரை நாள் என்னோடு வர முடியுமா? பாகத்தைப் பார்த்து அவர் என்ன சொன்னாலும் எனக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும்.

கானாடுகாத்தான் மெக்கானிக்:

வருகிறேன். அதற்குள் எதையும் கழுவவோ துடைக்கவோ வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.