சீமைக்கருவேலம்: யாருக்கு எது சுற்றுச்சூழல் பிரச்சினை?

கேள்வி (ஆய்வு மாணவி, மதுரை):
இராமநாதபுரம் மாவட்டக் கிராமங்களில் சீமைக்கருவேலம் குறித்து விசாரித்து வருகிறேன். நகரத்துச் சூழல் ஆர்வலர்கள் அதை நிலத்தடி நீரை உறிஞ்சும் அயல் மரம் என்கிறார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் இம்மரத்தை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிற குடும்பத்தாரோ, மரம் போய்விட்டால் பிழைப்பு என்னாகும் என்பதையே பிரச்சினையாகச் சொன்னார்கள். இந்த வேறுபாட்டுக்கு அறியாமைதான் காரணமா?

மறுமொழி 1 (விவசாயி, கமுதி வட்டாரம்):
அறியாமை இல்லையம்மா, அவரவர் நிற்கும் இடம் வேறு. கண்மாய் உள்வாயில் மண்டிய கருவை எனக்குப் பகை. கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் இருக்கும் இடமே தெரியாமல் மூடிவிட்டது. ஆனால் மழை பொய்த்துத் தரிசாய்க் கிடந்த என் பட்டா நிலத்தில் தானாய் முளைத்ததை விறகுக்கு விற்றுத்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினேன். ஆடு வளர்ப்பவருக்கு அதன் நெற்று கோடைத் தீனி. அந்த ஆட்டின் புழுக்கை வழியாகவே விதை என் வயலுக்கு வந்து சேர்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை.

மறுமொழி 2 (தாவரவியல் ஆசிரியை):
கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளியை இம்மரம் விழுங்குவதால், அதை அகற்ற வேண்டும் என்று கானுயிர் ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2017-இல் சீமைக்கருவேலத்தை அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எங்கும் பொக்லைன் இறங்கியது. தூரோடு எடுக்காத இடங்களில் மரம் மறுபடி துளிர்த்துவிட்டது.

ஆனால் எந்தத் தரப்பின் மனுவிலும் நான் பார்க்காத ஒன்று உண்டு. கரிமூட்டம் போடுபவர்கள், அடுக்கிய கட்டைகளை வைக்கோலாலும் மண்ணாலும் மூடித் தீயிட்ட பிறகு, விரிசல் வழியே காற்றுப் புகுந்து மொத்தமும் சாம்பலாகிவிடாதபடி, இரவெல்லாம் அருகிலேயே இருந்து ஈரமண்ணை அப்புகிறார்கள். நாட்கணக்கில் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். நீர், மான், மரம் எல்லாம் சுற்றுச்சூழல் ஆகும்போது இந்த மூச்சு மட்டும் ஏன் ‘தொழில்’ என்ற கணக்கில் போய்விடுகிறது?

மறுமொழி 3 (கேள்வி கேட்டவர்):
நன்றி அம்மா. கரிமூட்டம் போடும் அந்த வீட்டில் மூதாட்டி ஒருவர் பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தார். என் குறிப்பேட்டில் அதை நான் எழுதவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறேன். மரத்தைப் பற்றி அல்ல, அவருடைய இருமலைப் பற்றி முதலில் கேட்பேன்.