வெளிநாடு கிளம்ப 12 நாள், கொரோனா பிசிஆர் சோதனை இன்னும் பாசிடிவ். என்ன செய்யலாம்?

வழிப்போக்கன்:
வணக்கம். அப்பாவும் நானும் அக்கா வீட்டுக்கு வெளிநாடு போகிறோம். அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன் எனக்குக் கொரோனா வந்து சரியாகிவிட்டது. பயண முகவர் கொடுத்த தாளில் '72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் நெகடிவ்' என்று இருக்கிறதே என்று நேற்று எடுத்துப் பார்த்தேன், பாசிடிவ்! அக்காவோ இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை என்கிறாள். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. கொழுப்புக்கும் இரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறார். டிக்கெட்டைத் தள்ளிப் போடவா?

செவிலி:
பதறாதீர்கள். பிசிஆர் தேடுவது கிருமியின் மரபணுவை. நோய் போன பிறகும் அதன் செத்த துணுக்குகள் வாரக்கணக்கில், சிலருக்கு 90 நாள் வரைகூட தங்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைத் தவிர மற்றவர்களிடமிருந்து பத்து நாளுக்குப் பிறகு பொதுவாகத் தொற்றுவதில்லை. வீட்டிலேயே ஆன்டிஜன் கிட்டில் பாருங்கள். அது தேடுவது கிருமியின் புரதத்தை, அதனால் உங்கள் நிலைக்கு அதுதான் சரியான சோதனை.

சிறகு:
அந்தத் தாள் பழையதாக இருக்கும். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பெரும்பாலான நாடுகள் பயணிகளுக்கான சோதனையையும் தடுப்பூசிச் சான்றையும் கைவிட்டன. ஆனாலும் கேள்விப்பட்டதை நம்பிக் கிளம்ப வேண்டாம். விமான நிறுவனங்கள் கவுன்டரில் 'டைமேட்டிக்' என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு, நடுவில் எங்கே மாறுகிறீர்கள் என்று சொல்லி அவர்களிடமே கேளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொரு முறையும் பாருங்கள்.

வழிப்போக்கன்:
கிட் நெகடிவ்! விமான நிறுவனமும் சோதனை எதுவும் தேவையில்லை என்று எழுதி அனுப்பிவிட்டது. அப்போ அப்பாவுக்கும் ஒன்றும் வேண்டாம்தானே?

செவிலி:
இல்லை, இனிமேல்தான் அப்பாவுக்கான வேலையே. அவர்கள் சொன்னது உள்ளே விடுவதற்கான விதி மட்டும். போன இடத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? பாக்ஸ்லோவிட் போன்ற கொரோனா மருந்தை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். அது கொழுப்பு மாத்திரைகள் சிலவற்றோடும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளோடும் மோதும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் கேளுங்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், அதனால் நாளைக் கடத்த வேண்டாம்.

சிறகு:
இது என் அம்மாவுக்கு நடந்தது. போன மூன்றாம் நாள் காய்ச்சல். மாத்திரைகளின் வணிகப் பெயர்தான் எங்களுக்குத் தெரியும், அந்தப் பெயர் அந்த ஊர் மருத்துவருக்குப் புரியவில்லை. உள்ளே இருக்கும் மருந்து எது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளை இன்றும் மறக்க முடியவில்லை. மூலப்பெயரோடு பட்டியல் எழுதி, மாத்திரைகளோடு கைப்பையில் வையுங்கள். பயணக் காப்பீடு கொரோனா செலவையும் ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செவிலி:
அப்பாவுக்கு என்95 முகக்கவசம் போடுங்கள். வரிசையிலும், விமானம் தரையில் நிற்கும்போதும் கட்டாயம். பறக்கும்போது காற்று நன்றாக வடிகட்டப்படுகிறது, நிற்கும்போது அந்த அளவுக்கு இருக்காது. விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் எடுத்துப் போங்கள். 94-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வழிப்போக்கன்:
நாளைக் காலை மருத்துவரைப் பார்க்கிறோம். கடைசியாக ஒன்று: குழந்தையை நான் தூக்கலாமா?

செவிலி:
நீங்கள் தாராளமாகத் தூக்கலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. ஆனால் ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொரோனா தடுப்பூசி கிடையாது. போய் இறங்கியபின் அப்பாவுக்கோ உங்களுக்கோ தொண்டை கரகரத்தால்கூட அந்த அறைக்குள் போகாதீர்கள். கிட் ஒருமுறை நெகடிவ் காட்டினால் போதாது, 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.