புதுப்பிப்பு: மாமனாரின் கருநுரையீரல் உதவித்தொகை கிடைத்துவிட்டது!

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த என் மாமனாருக்கு, நிலக்கரித் தூசியால் வரும் கருநுரையீரல் நோய்க்கான உதவித்தொகை மறுக்கப்பட்டதை முன்பு எழுதியிருந்தேன். 'சிகரெட்தான் காரணம்' என்றது சுரங்க நிறுவனத்தின் மருத்துவ அறிக்கை. மறுப்பு வந்த 30 நாளுக்குள், இத்தகைய அரசு உதவித்தொகை வழக்குகளை விசாரிக்கும் நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை கேட்டோம். இப்போது ஜெயித்துவிட்டோம்.

கைகொடுத்தது 15 ஆண்டு விதி. நிலத்தடியில் அவ்வளவு காலம் வேலை செய்தவருக்கு சுரங்க வேலையே செய்ய முடியாத அளவுக்கு மூச்சுத்திறன் கெட்டிருந்தால், சுரங்கம்தான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். 2010-இல் மீண்டும் உயிர்பெற்ற விதி இது. அதனால் வேலை செய்த ஆண்டுகளைக் காட்டப் பழைய சம்பளச் சீட்டு, மூச்சுத்திறன் கெட்டதைக் காட்ட ரத்த வாயுப் பரிசோதனை (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது) எல்லாவற்றையும் முதலில் திரட்டுங்கள். அப்புறம், வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். தொழிலாளியிடம் வக்கீல் கட்டணம் வாங்க முடியாது. ஜெயித்தால் நிறுவனம் கொடுக்கும்.

நிறுவனம் இன்னும் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அங்கும் எங்கள் வக்கீலே வாதாடுவார்.