டிரன்னியனுக்குத் தமிழில் எதை வைப்பது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்பக்க சஸ்பென்ஷனைப் பிரித்துப் புதுப்பிக்கப் போகிறார்கள். அவர்களுக்கான செய்முறைக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 1961 முதல் சென்னையில் உருவான இந்த வண்டியில், சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் அடிமுனை மரையிடப்பட்டு, வெண்கலக் கூடு ஒன்றினுள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டு அந்த மரையிலேயே சுழலும். அந்தக் கூடுதான் டிரன்னியன். சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கலமைப்பு’ இருக்கிறது, இதற்கு என்ன?

*

ஐயா, ‘குடுமி’ என்ற சொல் இருக்கையில் புதிதாக ஏன் ஆக்கவேண்டும்? நம் பழைய வீட்டுக் கதவுகள் மேலும் கீழும் நீண்ட குடுமிகள் குழியில் அமர்ந்து சுழன்றவையே. பீரங்கியின் இருபுறமும் நீண்டு அதைத் தாங்கிய முளைகளுக்கும் டிரன்னியன் என்றே பெயர் என்பதால், பொருளும் ஒத்துவருகிறது. வண்டிச் சொற்களுக்கு நாம் வறியவர்கள் அல்லர்: பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று உப்பு வணிகரான உமணர் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பாடியிருக்கிறார். இடவலக் கூடுகளின் மரைகள் எதிரெதிராக இருப்பதால், அவற்றை ‘இடம்புரி’, ‘வலம்புரி’ என்று வழங்கலாம்.

*

குடுமி அழகான சொல்தான். ஆனால் அது குழிக்குள் அமரும் முளையின் பெயர். ஹெரால்டில் டிரன்னியன் தண்டை ஏற்கும் கூடு. மாணவன் குடுமி என்று படித்தால் தண்டின் முனையைத்தான் தேடுவான். வலம்புரியும் வேண்டாம். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கு, திருகாணிக் கணக்கில் இடமரைச் சுற்று உடையது. உயிரியலாளரும் அதை இடச்சுழி என்றே வகுக்கிறார்கள். ‘இடமரை’, ‘வலமரை’ போதும்.

பெயரைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் குறிப்பில் உள்ள ‘மசகிடுக’ என்ற வினை. பட்டறையில் மசகு என்றால் கிரீஸ் என்றுதான் கை போகும். கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் அடிவரை இறங்காது. நீர் புகுந்து தண்டு துருப்பிடித்து, ஒருநாள் ஓட்டத்தில் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். இங்கே செல்லவேண்டியது 90 எண் கியர் எண்ணெய். ஆகவே ‘எண்ணெய் செலுத்துக, கிரீஸ் கூடாது’ என்று தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். கூட்டுக்கு ‘மரைக்குடம்’ என்பேன். வண்டிச் சக்கரத்தின் நடுவே அச்சை ஏற்பதும் குடந்தானே.

*

குடம் சக்கரத்தோடு உருளும். உங்கள் கூடு உருளாது. குடுமியில் கண்டதுபோன்ற பொருந்தாக் குறை இதிலும் இருக்கிறது. தவிரவும், உதிரிபாகக் கடையில் மரைக்குடம் கேட்டால் யாருக்கும் விளங்காது. டிரன்னியன் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பஸ்ஸை ஏற்ற நமக்கு டிரன்னியனை ஏற்பதில் என்ன தடை?

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையோர் சொன்னபடி, முதலில் வரும் இடத்தில் ‘மரைக்குடம் என்னும் டிரன்னியன்’ என்றும், பிறகு மரைக்குடம் என்றும் எழுதுகிறேன். இடமரை, வலமரை, எண்ணெய் எச்சரிக்கை ஆகியவற்றில் மாற்றுக்கருத்து எழவில்லை.

*

என் வாக்கு குடுமிக்கே. குழி தனியே வேண்டுமென்றால் ‘குடுமிக்குழி’ என்று எழுதலாமே. அடுத்த பதிப்புக்கு முன் இதை மீண்டும் எடுப்பேன்.