ஆங்கிலத்தில் நடக்கும் பொறியியல் விரிவுரையில் மாணவரைப் பேச வைப்பது எப்படி?

நிலாவெளியான் கேட்டது:
திருகோணமலையில் பொறியியல் டிப்ளோமா மாணவர்களுக்குப் பொருட்களின் வலிமை என்னும் பாடத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கிறேன். அவர்களிற் பெரும்பாலோர் உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்தவர்கள். பரீட்சையில் கணக்கைச் சரியாகச் செய்பவர்கள்கூட, "விளங்கியதா?" என்று நான் கேட்டால் தலையை மட்டும் அசைக்கிறார்கள், விரிவுரை முடிந்தபின் வாசலில் நின்று தமிழில் அவர்கள் கேட்கும் கேள்விகளோ மிக நல்லவை. அவற்றை வகுப்புக்குள்ளேயே கேட்க வைக்க வழி உண்டா?

கொட்டியாரத்தான் மறுமொழி:
"விளங்கியதா?" என்று கேட்பதை முதலில் விட்டுவிடுங்கள், அதற்கு இல்லை என்று சொல்ல எந்த மாணவரும் துணியமாட்டார். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை உங்களுக்குப் பொருந்தும்: சிந்திக்க வைக்கும் ஒரு வினாவைத் தெரிவுகளுடன் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தனியே விடை குறித்த பின்னர், பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு மீண்டும் விடை குறிக்கச் செய்வது. உங்கள் பாடத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். இரு முனைகளிலும் தாங்கப்பட்டு நடுவில் சுமை ஏற்றப்பட்ட பீம் ஒன்றின் நீளத்தை, வேறெதையும் மாற்றாமல், இருமடங்காக்கினால் நடுவிலுள்ள தொய்வு எத்தனை மடங்காகும்: 2, 4, 8? வளைவுத் திருப்பம் (பீமை வளைக்கும் திருப்புதிறன், bending moment) இருமடங்காவதை நினைத்து 2 என்பவர்கள் இருப்பார்கள்; தொய்வு நீளத்தின் முப்படிக்கு விகிதசமமாதலால் 8 என்பதே சரி. அந்த வாதம் எந்த மொழியிலும் நடக்கட்டும். வகுப்புக்கு விடை சொல்வது மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் குழுவின் விடையாக இருந்தால், பிழைத்தாலும் பழி ஒருவர் தலையில் விழாது.

வினாவை எழுப்பியதும் நாமே விடையைச் சொல்லிவிடும் அவசரமும் ஒரு தடைதான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருப்பதையும், 3 விநாடி பொறுத்தால் மாணவர் விடைகள் நீள்வதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி அறிவியல் வகுப்புகளில் கண்டார். இரண்டாம் மொழியில் வசனம் அமைப்பவருக்கு அதற்கும் மேல் வேண்டும்.

மூதூர் வாசகர் மறுமொழி:
"எந்த மொழியிலும்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ், சிங்கள மாணவர் சேர்ந்திருக்கும் வகுப்பில் அது ஒரே அறைக்குள் இரண்டு வகுப்புகளை உண்டாக்கிவிடும். மொழி கலந்து இணைகளை அமைத்தால், உடைந்த ஆங்கிலமானாலும் அது இருவருக்கும் தேவையாகிவிடும். இதை விரிவுரையில் அல்லாமல் செயன்முறை வகுப்பில் தொடங்குவது எளிது: ஒருவர் கருவியின் வாசிப்பைச் சொல்ல மற்றவர் குறித்துக்கொள்ளும் வேலையில், வாய் திறக்காமல் இருக்க எவராலும் முடியாது.