மாணவர் இதழ்: தமிழ் எழுத்து உடைகிறது, நாளை அச்சுக்குப் போகணும்

இதழ்க்குழு: பன்னாட்டு வளர்ச்சிப் பணி பற்றிய இதழ், 22 பக்கம். வேர்டில் சரியாக இருந்த கட்டுரைகள் பக்கத்தில் ஒட்டியதும் உடைகின்றன. நாளை காலை அச்சகத்துக்குத் தர வேண்டும். அட்டையும் 9ஆம் பக்கமும் இணைத்திருக்கிறேன், அவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

முகில்: எந்த மென்பொருள்? எழுத்துரு யூனிகோடா, பாமினி போன்ற பழைய வகையா? எந்த எழுத்து, எப்படி உடைகிறது?

அச்சுக்கோவை: எல்லாவற்றையும் பாமினிக்கு மாற்றிவிடுங்கள். இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன், ஒரு கொம்பு விலகியதில்லை.

முகில்: அண்ணா, பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அதில் செய்த பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். இணையத்தில் போட்டால் யாராலும் தேட முடியாது.

மூத்தவன்: இந்தக் கேள்வி இந்த மன்றத்தில் பலமுறை வந்தாயிற்று. தேடிவிட்டுக் கேட்கலாமே தம்பி. அப்புறம், நடுவில் பின் அடிக்கிற இதழுக்கு 22 பக்கம் எப்படி வரும்? நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 20 அல்லது 24. இதைக்கூடப் பார்க்காமலா பக்கம் போட உட்கார்ந்தீர்கள்?

இதழ்க்குழு: மன்னிக்கவும். மென்பொருள் இன்டிசைன், எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் (யூனிகோடு). ‘கொள்கை’யில் ஒற்றைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

முகில்: அப்படியானால் எழுத்துருவில் குற்றமில்லை. பத்தி ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் காம்போசரை ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் காம்போசர்’ என்று மாற்றுங்கள். மற்ற ஸ்டைல்களுக்கு அடிப்படையான ஸ்டைலில் மாற்றினால் எல்லாம் சேர்ந்து மாறும்.

கயல்: அட்டையில் அழும் குழந்தை, கீழே ‘ஆப்பிரிக்கா’ என்று ஒற்றைச் சொல். ஐ.நா.வில் மட்டும் 54 நாடுகள் உள்ள கண்டம் அது! எந்த ஊர், யார் பிள்ளை, பெற்றவர்களிடம் கேட்டீர்களா? ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கன்கார்டு, படங்களுக்கென்று 2006-லேயே நெறிமுறை ஏற்றது. படத்தில் இருப்பவரின் மானமும் சம்மதமும்தான் அதில் முக்கியம்.

அச்சுக்கோவை: மனசு இளகாமல் யார் இதழைப் புரட்டுவார்கள்?

கயல்: இளகிய மனசு அடுத்த பக்கத்தில் ஆறிவிடும். 9ஆம் பக்கத்தில் கைப்பம்பைக் கழற்றி, தேய்ந்த வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாரே ஒரு பெண், வளர்ச்சிப் பணி அதுதான். அவரை அட்டையில் போடுங்கள்.

மூத்தவன்: முதலில் எழுத்துப் பிரச்சினை தீரட்டும். அட்டைக்குத் தனி இழை போடுங்கள்.

கயல்: இதழ் நாளைக்கு அச்சாகிறது ஐயா, தனி இழைக்கு நேரம் ஏது?

இதழ்க்குழு: கொம்பு இடத்துக்கு வந்துவிட்டது, முகிலுக்கு நன்றி. 24 பக்கம் ஆக்குகிறோம். கைப்பம்புப் படத்தை எடுத்தவரிடம் அந்த அம்மாவின் பெயரும் சம்மதமும் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை அட்டையை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறோம்.